ஸ்பூனுக்குப் பக்கத்தில் ஒரு வண்டு

வாருங்கள் கண்ணுகளா, எட்ட உட்காராதீர்கள். முழங்காலோடு முழங்கால் இடிக்கிற அளவுக்கு நெருங்கி வந்தால்தான் கதைக்குச் சூடு இருக்கும். இன்றைக்கு உங்களுக்கு ஒரு பூச்சிக் கதை. முகத்தைச் சுளிக்காதே அம்மா. இப்படி முகத்தைச் சுளித்த ஒருத்திதான் இந்தக் கதையையே கரை சேர்க்கப் போகிறாள்.

ஒரு பெரிய நகரம். அந்த நகரத்தின் மாநகராட்சி அலுவலகத்தில், மூன்றாவது மாடியில், மின்விசிறி சுற்றுகிறதா யோசிக்கிறதா என்று தெரியாத ஓர் அறையில், ஒருத்தி தெருக்களுக்கும் பூங்காக்களுக்கும் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தாள். இருபது வருஷ வேலை. அவளுக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருந்தது. ஆனால் கடைசி இரண்டு வருஷமாக வாயில்காவலரிலிருந்து பெரிய இன்ஜினியர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் பூச்சியம்மாதான். நாமும் அப்படியே கூப்பிடுவோம், கோபித்துக்கொள்ள மாட்டாள். கோபப்படுவதற்கு அவளுக்கு வேறு விஷயங்கள் நிறைய இருந்தன.

பேர் வந்த கதை இதுதான். பஸ் பணிமனையின் மதிலுக்கும் ஒரு குடியிருப்பு வரிசைக்கும் நடுவே, மழைநீர்க் கால்வாயை ஒட்டி, நானூறு அடி நீளத்தில் ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. அதை வண்டி நிறுத்தும் இடமாக்க வேண்டும் என்று கோப்பு வந்தது. பூச்சியம்மா வரைபடத்தை விரித்துப் பார்த்தாள். ஒரு முனையில் பூங்கா, மறு முனையில் ஏரி, நடுவில் எங்கே பார்த்தாலும் சிமெண்டு. பூங்காவில் பிறக்கிற ஒரு சின்னத் தேனீக்கு ஏரிக்கரை வரைக்கும் ஒரே மூச்சில் பறக்கத் தெம்பு ஏது? வெயிலில் நடக்கிற நாம் வழியில் ஒரு நிழல் தேட மாட்டோமா? இந்தத் துண்டு நிலம் மட்டும் பூத்துக் கிடந்தால் இரண்டு கரைக்கும் பாலமாகிவிடும். தேனீ போகும். தேனீ போனால் செடி போகும், செடி போனால் குருவி போகும்.

அதை அப்படியே வரைந்து பெரிய இன்ஜினியரிடம் கொண்டு போனாள். உயரப் புல் ஒரு பக்கம், காட்டுப் பூச்செடிகள் ஒரு பக்கம், மழைநீர் தேங்க ஒரு பள்ளம், மண்ணுக்குள் கூடு கட்டும் தேனீக்கு வெறும் மணல்திட்டு ஒன்று, வண்டுகளுக்கு உளுத்த மரக்கட்டைக் குவியல் ஒன்று.

பெரிய இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"உளுத்த கட்டைக்கு வரைபடம் போட்டுக் கொண்டு வந்த முதல் ஆள் நீங்கதாம்மா" என்றார். "சரி, ரெண்டு வருஷம் தர்றேன். அதுக்கப்புறம் வெளியிலேர்ந்து ஒருத்தர் வந்து எண்ணிப் பாக்கட்டும். நாப்பது வகை உயிர் இருந்தா இடம் உங்களுது. இதே மாதிரி இன்னும் ஏழு இடம் கோப்புல இருக்கு, அதையும் உங்க படப்படியே பண்ணிடலாம். முப்பத்தொம்போதுன்னாலும் வண்டி நிறுத்தம்தான். பேச்சு மாறக் கூடாது."

பேச்சு மாறவில்லை. ஆனால் அந்த இரண்டு வருஷம் அவள் பட்ட பாடு இருக்கிறதே, அதைக் கேளுங்கள்.

முதலில் மரக்கட்டை. அடுக்கி வைத்த மூன்றாம் நாள் காணோம். துப்புரவு மேஸ்திரியிடம் ஓடினாள். மேஸ்திரி தங்கமான மனிதர், சொல்லாத வேலையையும் தானாகவே செய்கிறவர். அதுதான் அவரிடம் கோளாறே.

"குப்பைன்னு எடுத்துட்டோம் மேடம்."

"அது குப்பை இல்ல மேஸ்திரி. அதுல வண்டு குடியிருக்கு."

"குடியிருந்தா வாடகை குடுக்குதா மேடம்?" என்று சிரித்தார். அடுத்த மாதமும் எடுத்தார். நான்கு முறை எடுத்தார், நான்கு முறை அவள் புதுக்கட்டை தேடி அலைந்தாள்.

அப்புறம் விளக்குப் பிரிவு. ஒரு நாள் போய்ப் பார்த்தால் பள்ளத்துக்கு மேலே ஊரையே பகலாக்கும் விளக்கு ஒன்று. 'இருட்டாக இருக்கிறது' என்று பிரிவுக்குத் தோன்றியதாம். அந்துப்பூச்சிக்கு இருட்டுதான் வேண்டும் என்று எழுதி அதை இறக்க ஏழு கடிதம் ஆயிற்று.

சரி, எல்லோருக்கும் தெரியட்டும் என்று 'இங்கே எதையும் வெட்டாதீர்கள்' என்று ஒரு பலகை கேட்டாள். பலகைப் பிரிவு ஆச்சரியமாக ஒரே வாரத்தில் வைத்துவிட்டது. ஆசையாகப் பார்க்கப் போனாள். பலகை பளபளவென்று நின்றது. அதைச் சுற்றி இரண்டு பக்கமும் பத்துப் பத்தடிக்கு ஒரு புல் இல்லை.

"யாருப்பா வெட்டினது?"

"நாங்கதான் மேடம்" என்றார் பலகைக்காரர், பாராட்டை எதிர்பார்க்கிற முகத்தோடு. "புல்லு மறைச்சா போர்டை யாரு படிப்பா? இப்ப பாருங்க, பஸ்ஸுல போறவங்களுக்குக்கூடத் தெரியுது."

வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய் முறையிடுவது? பூச்சியம்மா அந்த மொட்டைத் தரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனாள்.

ஆனால் இதெல்லாம் சில்லறைத் தொல்லை. பெரிய தொல்லை புல்வெட்டி மெஷின். செடி இடுப்பளவு வந்து, மொட்டு விட்டு, நாளைக்குப் பூக்கும் என்கிற சமயத்தில் சரியாக வந்து சீவிவிட்டுப் போகும். விசாரித்தாள். அலுவலகத்தில் ஒரு வழக்கம்: ஓர் இடத்தைப் பற்றி ஒரே மாதத்தில் மூன்று புகார் வந்துவிட்டால், யாரையும் கேட்காமல் மெஷின் கிளம்பிவிடும். மாதா மாதம் மூன்று புகார் வந்துகொண்டிருந்தது.

புகார்ப் பிரிவுக்குப் போய்ப் பதிவுகளை வாங்கிப் பார்த்தாள். சொன்னதைச் சொன்னபடியே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். 'கறுப்பு நிறம், முதுகில் நாலு மஞ்சள் பொட்டு, சமையலறை ஜன்னல் வழியாக வந்தது, பால் பாத்திரத்தில் உட்கார்ந்தது.' 'பச்சை நிறம், முக்கோணத் தலை, கையைக் கூப்பிக்கொண்டு என்னையே முறைக்கிறது.' எல்லாம் ஒரே குரல், ஒரே தொலைபேசி எண். அந்த எண்ணைப் பார்த்ததும் பூச்சியம்மாவுக்கு உள்ளங்காலில் தொடங்கிய எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. அவளுக்கு மனப்பாடமான எண் அது. அவள் கணவனின் அக்காவுடையது.

பெரிய நாத்தனார் அந்தக் குடியிருப்பில்தான், தரைத்தளத்தில் கடைசி வீட்டில் இருந்தாள். ஜன்னலைத் திறந்தால் துண்டு நிலம். பூச்சியம்மா அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தபோது அதைப் பற்றி யோசித்தாளா என்று கேட்டால், இல்லை. வரைபடத்தில் நாத்தனார்கள் தெரிய மாட்டார்கள், கண்ணுகளா.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வழக்கம்போலச் சாப்பிட வந்தாள். கை கழுவிச் சாப்பிட உட்காருகிற வரைக்கும் பூச்சியம்மா பொறுத்தாள்.

"அண்ணி, மாசா மாசம் புகார் குடுக்கறது நீங்கதானா?"

"ஆமா. பின்ன யாரு குடுப்பா? அந்தக் காட்டுக்குப் பக்கத்துல இருக்கறது நான்தானே."

"அது காடு இல்ல அண்ணி. என் வேலை."

"உன் வேலை என் குளியலறைக்குள்ள வருதே! போன வாரம் சோப்பு மேல தவளை. நான் சோப்பை எடுத்தா சோப்பு குதிக்குது!"

பூச்சியம்மா கணவனைப் பார்த்தாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவே பேச்சு வந்தால், கரண்டு போன லிஃப்ட் மாதிரி இரண்டு மாடிக்கும் நடுவில் நின்றுவிடுவான். மேலேயும் போக மாட்டான், கீழேயும் இறங்க மாட்டான்.

"மோர் இன்னும் கொஞ்சம் ஊத்தேன்" என்றான்.

"எண்ண வர்றதுக்கு இன்னும் ஆறு மாசம்தான் இருக்கு" என்றாள் பூச்சியம்மா. "ஒவ்வொரு தடவையும் நீங்க போன் பண்ணுவீங்க, அவங்க வெட்டுவாங்க. ஒண்ணரை வருஷத்துல ஒரே ஒரு தடவைதான் அந்தச் செடிங்க முழுசாப் பூத்துப் பாத்திருக்கேன். நாப்பது வரலைன்னா எல்லாம் போச்சு. ஏழு இடமும் சேர்ந்து போச்சு. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன் அண்ணி, ஆறு மாசம் போன் பண்ணாதீங்க."

நாத்தனாருக்குத் தம்பி மனைவி கண் கலங்கியது பிடிக்கவில்லை. தோற்றுப்போவதும் பிடிக்கவில்லை. தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"சரி, போன் பண்ணலை. ஆனா ஒண்ணு. வர்றதையெல்லாம் போட்டோ எடுத்து வெச்சுக்குவேன். தேதி, நேரம், எங்க உக்காந்துச்சு, எல்லாம் நோட்டுல எழுதி வெப்பேன். உன் பெரிய அதிகாரி வர்ற அன்னிக்கு, எல்லாத்தையும் சேத்து ஒரே புகாரா அவங்க கையிலயே குடுத்துடுவேன். அப்ப என்னை ஒண்ணும் சொல்லக் கூடாது."

"அவங்க புகார் வாங்க வர்றவங்க இல்ல அண்ணி..."

"அதிகாரின்னா புகார் வாங்கித்தான் ஆகணும்."

பூச்சியம்மா மோரை ஊற்றினாள்.

ஆறு மாதம் மெஷின் வரவில்லை. பூச்சியம்மா தினமும் மாலை பஸ்ஸிலிருந்து ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்து வந்தாள். புல் தோளுக்கு வந்தது. மணல்திட்டில் பென்சில் முனை அளவுக்குத் துளைகள் தோன்றின. பள்ளத்தில் ஊசித்தட்டான் நீலநூல் மாதிரி மிதந்தது. அதையெல்லாம் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போகிறபோது, எதிர்ப்பக்க ஜன்னலில் நாத்தனாரின் செல்போன் பளிச் பளிச்சென்று மின்னுவதையும் பார்ப்பாள். புகார் சேருகிறது என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

எண்ணுகிறவர் ஒரு பல்கலைக்கழக அம்மாள். கண்டிப்பானவர் என்று பேர். முன்கூட்டியே எழுதியிருந்தார்: 'நான் என் கண்ணால் பார்ப்பதை எழுதுவேன். இல்லையென்றால் தேதியும் இடமும் அளவும் தெரிகிற படம் இருந்தால் எழுதுவேன். கேள்விப்பட்டதை எழுத மாட்டேன்.' பூச்சியம்மாவிடம் அப்படிப்பட்ட படம் பதினொன்று இருந்தது. அவள் போகிற நேரம் அந்தி சாயும் நேரம், பாதிப் பூச்சி தூங்கப் போயிருக்கும். பரவாயில்லை, நேரில் வந்து பார்க்கத்தானே போகிறார் என்று இருந்துவிட்டாள்.

இங்கேதான் அவள் ஒரு தப்புச் செய்தாள். விதிப்படி எல்லாப் பிரிவுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினாள். 'இன்ன தேதி காலை எட்டு மணிக்கு வெளியிலிருந்து ஒருவர் இந்த இடத்தைப் பார்வையிட வருகிறார்' என்று முதல் வரி. எதையும் தொட வேண்டாம் என்று மூன்றாவது வரி. அந்த அலுவலகத்தில் முதல் வரியைப் படித்தவன் மூன்றாவது வரிக்குப் போக மாட்டான். அரிவாளையும் பெயிண்ட் பிரஷ்ஷையும் தேடப் போய்விடுவான். இருபது வருஷம் அங்கேயே குப்பை கொட்டியவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா? தெரியவில்லையே!

அன்றைக்குக் காலை ஏழரை மணிக்குப் பல்கலைக்கழக அம்மாளை அழைத்துக்கொண்டு போய் இறங்கினாள். இறங்கின கால் அப்படியே நின்றுவிட்டது.

நானூறு அடியும் மொட்டை. தரையோடு தரையாகச் சீவி, வாரி, தண்ணீர் தெளித்திருந்தது. மழைப்பள்ளத்தை மண் போட்டு மூடியிருந்தது. மணல்திட்டைக் கெட்டித்துச் சமன் செய்திருந்தது. உளுத்த கட்டைகளுக்குக் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாகப் பெயிண்ட். பலகைக்கு இரண்டு பக்கமும் வாடகைக்கு எடுத்த பூந்தொட்டிகள் வரிசை கட்டி நின்றன. நடுவில் மேஸ்திரி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு.

"எப்படி இருக்கு மேடம்?" என்றார். "விடிகாலை அஞ்சு மணிக்கே எட்டு பேரைக் கூட்டிட்டு வந்துட்டேன். பெரியவங்க வர்ற அன்னிக்கு உங்க மானம் போகலாமா? பரீட்சைக்குப் போற புள்ளைக்குத் தலை வாரி விடற மாதிரி வாரி விட்டிருக்கேன்."

பூச்சியம்மா வாயைத் திறந்தாள். திட்டலாம் என்றால் அந்த மனிதரின் கண்ணில் அத்தனை பிரியம். அழலாம் என்றால் பக்கத்தில் வெளியாள். மூன்று முறை வாயைத் திறந்து மூடிவிட்டு, "தலையை வாரலை மேஸ்திரி, தலையையே சீவிட்டீங்க" என்றாள்.

பல்கலைக்கழக அம்மாள் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, குனிந்து, நானூறு அடியையும் ஒன்றரை மணி நேரம் நடந்தார். திரும்பி வந்து நோட்டைக் காட்டினார்.

"ஒன்பது. அதுல மூணு பூந்தொட்டியில இருந்தது. அது வாடகைக்கு வந்தது, அதனால அடிச்சுட்டேன். ஆறு. உங்க படம் பதினொண்ணு, அதுல ரெண்டு ஏற்கனவே இதுல இருக்கு. மொத்தம் பதினஞ்சு." கொஞ்சம் தயங்கினார். "வருத்தமாத்தான் இருக்கு. ஆனா நான் பார்த்ததைத்தான் எழுத முடியும்."

இரண்டு வருஷம். பூச்சியம்மா பட்டை போட்ட ஒரு கட்டை மேல் உட்கார்ந்தாள். பெயிண்ட் காயவில்லை. சேலையில் ஒட்டிக்கொண்டது. ஒட்டட்டும், இனி என்ன.

அந்த நேரம் பார்த்துக் குடியிருப்புப் பக்கமிருந்து ஒரு சத்தம்.

"இங்க யாருங்க அதிகாரி? நீங்களா?"

பெரிய நாத்தனார். தலை கலைந்து, ஒரு கையில் செல்போன், இன்னொரு கையில் நீளமான நோட்டு, தோளில் ஒரு வெட்டுக்கிளி. அது தோளில் இருப்பது அவளுக்குத் தெரியாது.

"காலையிலேர்ந்து என் வீட்டுல நிக்க இடமில்லைங்க! இவங்க இங்க வெட்டினதுல எல்லாம் உசுருக்குப் பயந்து என் வீட்டுக்குள்ள வந்து விழுந்திருக்கு. ஆறு மாசம் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன், தம்பி பொண்டாட்டி அழுதாளேன்னு. இன்னிக்கு விடப் போறதில்லை. இந்தாங்க புகார்!"

"அண்ணி, வேண்டாம்..." என்று பூச்சியம்மா எழுந்தாள்.

"நீ சும்மா இரு. உனக்கு வாக்குக் குடுத்ததைக் காப்பாத்திட்டேன். இது அவங்களுக்கும் எனக்கும்."

பல்கலைக்கழக அம்மாள் மரியாதைக்கு நோட்டை வாங்கிப் புரட்டினார். முதல் பக்கம் புரட்டினார். இரண்டாவது பக்கம் மெதுவாகப் புரட்டினார். மூன்றாவது பக்கத்தில் நின்றுவிட்டார். 'தேதி, காலை 6.50, ஜன்னல் கம்பி, இடமிருந்து மூன்றாவது. செம்பு நிறம். இறக்கையில் கண் மாதிரி வட்டம். படம் எண் 41.'

"படத்தைக் காட்டுங்க."

நாத்தனார் காட்டினாள். தெளிவான படம். பூச்சிக்குப் பக்கத்தில் ஒரு டீ ஸ்பூன், பின்னால் ஜன்னலுக்கு வெளியே துண்டு நிலத்துப் புல்.

"ஸ்பூன் எதுக்கு?"

"எவ்வளவு பெருசுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. போன்ல சொன்னா சிரிக்கறாங்க. அதான் எல்லாத்துக்கும் பக்கத்துல ஒரே ஸ்பூனை வெச்சு எடுத்தேன். நீங்களே பாருங்க, சின்னதா அது?"

பல்கலைக்கழக அம்மாள் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். "மொத்தம் எத்தனை படம்மா?"

"நூத்தி அறுபத்தி மூணு!" என்றாள் நாத்தனார், வழக்கில் கடைசி சாட்சியைக் கூண்டில் ஏற்றுகிறவள் போல.

அப்புறம் நடந்ததைப் பூச்சியம்மா வாயைப் பொத்திக்கொண்டுதான் பார்த்தாள். இரண்டு பேரும் மதில் நிழலில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பார்த்தார்கள். ஒரே பூச்சி இரண்டு முறை வந்தால் அம்மாள் கழிப்பார். நாத்தனார் விடமாட்டாள். புகாரின் எடை குறைகிறதே என்று அவளுக்குப் பதற்றம்.

"அது ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"எப்படிங்க ஒண்ணாகும்? இதுக்கு முதுகுல கோடு, அதுக்குப் புள்ளி. இது வெயில் ஏறினதும் வரும், அது மழை பெஞ்ச மறுநாள் மட்டும்தான் வரும். ஆறு மாசம் இதுங்களோட குடும்பம் நடத்தினது நானா நீங்களா?"

அம்மாள் பெரிதாக்கிப் பார்த்தார். "நீங்க சொல்றதுதான் சரி. இது வேற வகை" என்று தனியாக எழுதினார். அப்படி நான்கு இடத்தில் நாத்தனார் ஜெயித்தாள். ஒவ்வொன்றுக்கும் மேஸ்திரி தள்ளி நின்று தலையாட்டினார், எதற்கென்று தெரியாமலே.

பதினைந்து என்றிருந்தது இருபத்து நாலாயிற்று, முப்பத்தொன்றாயிற்று. முப்பத்தெட்டில் கொஞ்ச நேரம் நின்றது. பூச்சியம்மாவின் நகம் உள்ளங்கையில் பதிந்திருந்தது. முப்பத்தொன்பது, கையைக் கூப்பிக்கொண்டு முறைக்கிற அந்தக் கும்பிடுபூச்சி. நாற்பது, மறுபடியும் சோப்பு மேல் வந்து உட்கார்ந்த தவளை, பக்கத்தில் ஸ்பூன். கடைசிப் படம் வரும்போது ஐம்பத்திரண்டு.

அம்மாள் நோட்டை மூடிவிட்டு, நாத்தனாரின் தோளிலிருந்த வெட்டுக்கிளியை இரண்டு விரலால் எடுத்தார். "ஐம்பத்து மூணு" என்றார். "இருபது வருஷமா இந்த வேலை பண்றேன். இவ்வளவு பொறுமையா ஒரே இடத்துல உக்காந்து யாரும் எடுத்துக் குடுத்ததில்லை. இந்த இடத்தை இனி யாரும் தொட முடியாதும்மா. ரொம்ப நன்றி."

நாத்தனாருக்கு அப்போதுதான் உறைத்தது. தம்பி மனைவியைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள், மறுபடி தம்பி மனைவியைப் பார்த்தாள்.

"அப்ப இது புகார் இல்லையா? அடிப்பாவி. என் கையாலயே எழுத வெச்சுட்டியே!"

"நான் எங்க அண்ணி எழுத வெச்சேன்? வேண்டாம்னுதானே சொன்னேன்" என்றாள் பூச்சியம்மா. சொல்லும்போதே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள். சேலைப் பெயிண்ட் அவள் மேலும் ஒட்டியது. அதற்கும் திட்டு வாங்கினாள்.

இடம் நிலைத்தது. ஏழு இடத்துக்கும் கையெழுத்து ஆயிற்று. பெரிய இன்ஜினியர் கடிதத்தின் கடைசியில் 'மேற்படி இடங்களைச் சுத்தமாகவும் ஒழுங்காகவும் பராமரிக்கவும்' என்று ஒரு வரி சேர்த்திருந்தார். பூச்சியம்மா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மேஸ்திரி கண்ணில் படுவதற்கு முன்னால் மூன்று மாடி இறங்கி ஓடியது தனிக் கதை.

பள்ளத்தை மறுபடி தோண்டினார்கள். அந்த மழைக்குப் புல் முளைத்து, வேர் தப்பின செடியெல்லாம் தளிர் விட்டது. நாலு மாதம் கழித்து ஒரு நாள், அலுவலகத்தில் எட்டாவது இடத்துக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவளுக்குப் போன் வந்தது. அந்த மனப்பாட எண்தான். பெருமூச்சு விட்டுக்கொண்டு எடுத்தாள்.

"ஏம்மா" என்றாள் நாத்தனார். குரலில் நிஜமான கோபம். "அந்தப் பச்சைக்காரன் இருக்கானே, கையைக் கூப்பிக்கிட்டு முறைப்பானே, அவனை மூணு நாளா ஜன்னல்ல காணோம். என்னதான் வேலை பாக்கறீங்க உங்க ஆபீஸ்ல? இதுக்கு யார் கிட்ட புகார் குடுக்கணும்?"

பூச்சியம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு பேனாவை எடுத்து, தேதி போட்டு, அந்தப் புகாரைத் தானே எழுதிக்கொண்டாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்திருங்கள், முழங்கால் மரத்திருக்கும். உங்கள் வீட்டில் குறை சொல்ல ஒருவராவது நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். அவர்கள் சொல்லும் குறையெல்லாம் கடைசியில் நன்மையாகவே முடியட்டும். உங்கள் ஜன்னல் பக்கம் பூத்த செடி ஒன்று எப்போதும் நிற்கட்டும், அதைத் தேடி இறக்கை வைத்த விருந்தாளி வரட்டும், வந்தது பாலில் விழாமல் பத்திரமாகத் திரும்பிப் போகட்டும்.